இறால் கோதில் கட்டிய வெள்ளிக்கிழமைச் சோறு

வெள்ளவத்தை வாய்க்கால் பாலத்தடிச் சோதனைச்சாவடியில், தோளில் துவக்குத் தொங்க நின்ற ஓர் ஆமிக்காரன், பாலசுந்தரம் தன் கையால் செய்த, சோறு கட்டுகிற லஞ்ச் ஷீட்டைச் சோற்றோடு சேர்த்து மென்று விழுங்கி, விரலையும் சூப்பிவிட்டு, "தவ எகக்" என்று சிங்களத்தில் இன்னுமொன்று கேட்டான்.

பாலசுந்தரம் இதைச் சலூனில் சொன்னார். மீன் சந்தையில் சொன்னார். நூறாம் நம்பர் பஸ்ஸில், பக்கத்தில் நிற்பவருக்குத் தமிழ் விளங்குமா என்றுகூடப் பாராமல் சொன்னார். சொல்லச் சொல்ல ஆமிக்காரன் வளர்ந்தான். முதற்கிழமை வெறும் சிப்பாய். அடுத்த கிழமை கோப்ரல். மார்கழி பிறக்கையில் கப்டனாகி, பின்னால் ஒரு ஜீப்பும் வந்து நின்றுவிட்டது. யுத்தமோ முடிகிற பாடாயில்லை; அவனுக்குப் பதவி உயர நேரம் தாராளமாக இருந்தது.

கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நம்பாவிட்டாலும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். ஒரேயொருவர்தான் சிரிக்கவுமில்லை, இன்னொரு தரம் கேட்கவுமில்லை. வீட்டுக்காரர் சண்முகலிங்கம். மேல்மாடிப் பல்கனியில் பேப்பரை விரித்துப் பிடித்தபடி, "அண்டப்புளுகு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

இதில் விசேஷம் என்னவென்றால், அன்றைக்கு ஓட்டோவில் பாலசுந்தரத்துக்குப் பக்கத்தில் இருந்தவரே சண்முகலிங்கம்தான்.

மத்திய வங்கியில் குண்டு வெடித்ததற்கு அடுத்த வருஷம் அது. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில், ரயில் பாதைக்குச் சற்று முன்னால், மூன்று தட்டு வீடு. கீழ்த்தட்டில் ஓட்டோக்கார நிலாமும் அவன் மனைவி பலீலாவும். நடுத்தட்டில் பாலசுந்தரமும் மனைவி கனகேஸ்வரியும். மேலே சண்முகலிங்கம், பெண்சாதி போன பிறகு சுவாமிப் படங்களோடும் கணக்குப் பரிசோதகராக இருந்து பென்ஷன் எடுத்த மிடுக்கோடும் தனியாக. பிறந்த நாள்தொட்டு மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட்டறியாத மனிதர். கீழே நிலாம் வீட்டில் மீன் பொரிக்கிற நேரத்துக்கு மேலே சாம்பிராணி புகையும்.

பாலசுந்தரம் பெயின்ற் கொம்பனியொன்றின் லாப்பில், சாயம் காய்ச்சிச் சோதிக்கிற வேலை பார்த்து ஓய்ந்தவர். அவர் ஓய்ந்த அன்றே கனகேஸ்வரி அடுப்பு மூட்டினார். குத்தரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, சூரைமீன், வல்லாரைச் சம்பல், பொரித்த மிளகாய். எல்லாம் லஞ்ச் ஷீட் என்கிற அந்த மெல்லிய பொலித்தீனில் கட்டி, மேலே பேப்பர் சுற்றி, நிலாமின் ஓட்டோவில் பம்பலப்பிட்டிக் கந்தோர்களுக்கும் அக்கம்பக்கத்து லொட்ஜுகளுக்கும் ரியூஷன் கொட்டில்களுக்கும் போகும். குழம்பின் வாசத்துக்கு ரயில் வேகம் குறைத்ததாகப் பாலசுந்தரம் சொல்வார். அதையும் யாரும் நம்பியதில்லை.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் மழை பிடித்தது. சாதாரண மழையா அது? வானத்தில் யாரோ தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு மூடியைத் தேடப் போய்விட்டார்கள். காலி வீதியில் பஸ்கள் கப்பலாகின. ஒழுங்கையோரக் கழிவுநீர்க் கான் நிரம்பி, வழிந்து, தன் பாட்டில் நிலாமின் வீட்டுக் கதவைத் தட்டாமலே உள்ளே போயிற்று.

மழை விட்டதும் பலீலா ஈர்க்குமாறு ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி மாடியேறி வந்தாள். ஈர்க்குமாற்றின் நுனியில் குழம்பு மஞ்சளோடு ஒரு லஞ்ச் ஷீட் தொங்கியது.

"கனகக்கா, இது யார்ட சாமான்?"

கனகேஸ்வரி பார்த்தார். வல்லாரைச் சம்பல் ஒட்டியிருந்தது. பொய் சொல்ல இடமில்லை. "எங்கடைதான் பிள்ளை."

"இது என்ட தையல் மெஷினுக்குக் கீழ ஈந்திச்சு. கான் வாயில இப்பிடி ஒரு மூட்டை அடச்சி ஈக்கிது. நிலாம் கையப் போட்டு இழுக்க இழுக்க வருது, முடியிறல்ல. ஒங்கட சோறு நல்லம் அக்கா. ஆனா தின்டவன் எல்லாம் கொண்டாந்து எங்கட தலையிலதானே போடுறான்."

பின்னாலேயே சண்முகலிங்கம் இறங்கி வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாலும் குரல் கந்தோர்க் குரலாகவே இருந்தது.

"பாலசுந்தரம், வடிவாக் கேட்டுக்கொள்ளும். மாரி மழை இனித்தான் கிடக்கு. ஒண்டில் இந்தப் பொலித்தீன் நிக்கவேணும், இல்லாட்டிச் சமையல் நிக்கவேணும். ரெண்டும் ஏலாதெண்டால் வேற வீடு பாரும்."

வேறு வீடு! அந்த நாளையில் கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பம் வீடு மாறுவதென்றால் சட்டி முட்டியைத் தூக்கிக்கொண்டு போவது மட்டுமா? பொலிஸ் பதிவு புதிதாக. ஏன் வந்தாய், எங்கிருந்து வந்தாய், அங்கே எதற்கு இருந்தாய், இங்கே எதற்கு இருக்கப் போகிறாய். பதிவு கையில் கிடைக்கும்வரை ஒவ்வொரு சுற்றிவளைப்பிலும் நெஞ்சு ஒருதரம் நின்று ஓடும். சமையலை நிறுத்தினாலோ அந்த வெள்ளவத்தை வாடகைக்கு வழியில்லை.

"வாழையிலை வாங்குவம்" என்றார் கனகேஸ்வரி.

"இத்தனை பார்சலுக்கு வாழையிலைக்கு எங்க போறது? காலிமுகத்திடலில தோட்டம் போடுறதோ?" என்ற பாலசுந்தரம், சட்டென்று எழுந்து நின்றார். கண்ணில் பழைய லாப் வெளிச்சம். "சண்முகலிங்கத்தார், கேளுங்கோ. நான் ஒரு ஷீட் செய்யிறன். சோறு கட்டினால் பொலித்தீன். கானுக்குள்ள போட்டால் கஞ்சி. மாரிக்கிடையில அந்தக் கானில மீன் ஓடும்!"

"முதலில தண்ணி ஓடட்டும்" என்றுவிட்டு சண்முகலிங்கம் ஏறிப் போனார்.

மறுநாளே வேலை தொடங்கிற்று. அவர் செய்ய நினைத்தது இதுதான்: இறால் கோதில் ஒரு பசை இருக்கிறது. மரவள்ளி மாவில் இன்னொரு பசை இருக்கிறது. இரண்டும் இயற்கை போட்டது. இயற்கையே திருப்பி எடுத்துக்கொள்ளும். மீன் சந்தையில் இறால் உரிக்கிறவர்களிடம் கோதைக் கேட்டபோது, அவர்கள் சந்தோஷத்தில் கூடையோடு தூக்கிக் கொடுத்தார்கள். அதை மொட்டைமாடியில் காயப் போட்டார். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரைக்கும் உள்ள காகமெல்லாம் அன்று அங்கேதான் கூட்டம் வைத்தன. வாடை ஒழுங்கையில் கைகாலை நீட்டிப் படுத்தது. மேல்மாடியில் புகைந்த சாம்பிராணியைப் பார்த்து வீடு எரிகிறதென்று ஓடி வந்தவர்களும் உண்டு.

கோதைக் கோஸ்டிக் சோடாவில் அவித்தார். அவித்ததை வினாகிரியில் கரைத்தார். மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினார். மடித்தால் முறியாமலிருக்கக் கிளிசரின் விட்டார். ஊற்றிக் காயவைக்க வழுவழுப்பான இடம் வேண்டும். கனகேஸ்வரி குளித்துவிட்டு வந்து பார்த்தபோது அலுமாரியில் கண்ணாடியைக் காணவில்லை. அது மேசையில் படுத்திருந்தது, மேலே தேன் நிறத்தில் ஒரு கூழோடு.

"இஞ்சேருங்கோ, நான் இனி எதில பாத்துப் பொட்டு வைக்கிறது?"

"கேத்திலில பாரப்பா. அதில முகம் இன்னும் பெருசாத் தெரியும்."

மரவள்ளி மாவில் மட்டும் செய்த ஷீட், குழம்பு பட்டதும் நிலாமின் கையிலேயே கரைந்து, பருப்பெல்லாம் அவன் கட்டியிருந்த சாரத்தில் வடிந்தது. இறால் கோதில் மட்டும் செய்தது அப்பளம்போல நொறுங்கிற்று. பாலசுந்தரம் தலையில் கை வைக்கவில்லை, குதித்தார்.

"பாத்தியே கனகம்! ஒண்டு தண்ணிக்குப் பயம், மற்றது மடிப்புக்குப் பயம். ரெண்டையும் கலியாணம் கட்டி வைச்சால் ஒண்டின்ர குறையை மற்றது மறைக்கும்."

"உங்களையும் என்னையும் மாதிரியோ?"

"ஓம், நீ கோது. நான் மா."

"இல்லை, நீங்கள்தான் கோது. வீடு முழுக்க மணக்குது."

கலந்து ஊற்றியது நின்றது. சுடுசோறு, அதற்குமேல் கொதிகொதிக்கிற சொதி. பாலசுந்தரம் பார்சலைக் கட்டி, பல்கனியில் நின்று கீழே போட்டார். ஒழுங்கையில் 'தொப்' என்று விழுந்தது, உடையவில்லை. இரண்டாவதைச் சண்முகலிங்கம் கோயிலால் வருகிற நேரம் பார்த்துப் போட்டார். அதுவும் உடையவில்லை, உடைந்தது அவருடைய பொறுமை.

இன்னொரு ஷீட்டைக் கான் தண்ணீர் வாளியில் போட்டு மூடி வைத்தார். சில நாள் கழித்துத் திறந்து, "ஓடி வா, ஓடி வா!" என்று சத்தம் வைத்தார். அகப்பையோடு வந்த கனகேஸ்வரி வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னத்தைப் பாக்கிறது? ஒண்டுமில்லையே."

"அதைத்தானப்பா பாக்கச் சொல்லுறன்! ஒண்டுமில்லை!"

கனகேஸ்வரி இன்னொரு தரம் பார்த்தார். கலங்கல் தண்ணீர்தான் இருந்தது. அகப்பையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு அடக்கவில்லை.

பார்சல்கள் புது உடுப்போடு போகத் தொடங்கின. பம்பலப்பிட்டியில் ஒரு பெரிய கந்தோரில் ஐறீன் என்று ஒரு பிள்ளை, கொட்டாஞ்சேனையாள், மத்தியானச் சாப்பாடெல்லாம் அவள் பொறுப்பு. குப்பைக்கூடையில் பொலித்தீன் இல்லையென்று கண்டதும் கந்தோர் முழுவதற்கும் கனகேஸ்வரியின் சோறே வேண்டுமென்று சொல்லியனுப்பினாள்.

வியாழக்கிழமை பின்னேரம் கனகேஸ்வரி பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தினார்.

"நாளைக்கு வெள்ளி."

"ஓம்."

"நாளைக்கு மரக்கறிப் பார்சல். விரதகாரச் சனம். மரக்கறிச் சோத்தை இறால் கோதில கட்டிக் குடுக்கிறதோ?"

லாப்பில் பாலசுந்தரத்திடம் ஒருவரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"கோஸ்டிக் சோடாவில அவிச்சாப் பிறகு அது இறாலில்லையப்பா. அது ஒரு…"

"அது இறால்."

வழக்கு அத்தோடு தீர்ந்தது. பாலசுந்தரம் பலீலாவிடம் ஓடினார். நோன்புக்கும் கலியாணத்துக்கும் அவர்கள் காய்ச்சுகிற கடற்பாசி அவள் பேணியில் இருந்தது. "இது கடல்ல முளைக்கிற பூண்டு பாலா அண்ணன், சத்தியமா மரக்கறி" என்று அள்ளிக் கொடுத்தாள். கடற்பாசியும் மரவள்ளி மாவும் சேர்ந்து, கண்ணாடியில் ஊற்ற, அதே தேன் நிறத்தில் அதே மாதிரி ஷீட். பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால் கனகேஸ்வரி அதைக் கையாலே வாங்கி, சுவாமியறைத் தட்டில் தனியாக வைத்தார். "இது வெள்ளி ஷீட். இதில கை வைச்சீங்களெண்டால் தெரியும்!"

பாலசுந்தரம் கை வைத்தார். விடியற்காலை மழைக்குணம். தொட்டுப் பார்க்க ஈரம் நின்றது. மொட்டைமாடிக் கொடியில் கொஞ்சம் காற்றில் விட்டால் நல்லதென்று வெள்ளி ஷீட் முழுவதையும் கொண்டுபோய்க் காயப் போட்டார். வெறும் தட்டைப் பார்த்தால் மனுஷி பத்திரகாளியாவாள் என்று, குசினியில் கிடந்த இறால் கோது ஷீட் கட்டொன்றை எடுத்து அங்கே வைத்தார், சும்மா, ஒரு நிமிஷத்துக்கு. அதற்குள் நிலாமின் ஓட்டோவுக்கு ஒரு சில்லுக் காற்றுப் போய்விட்டது. பாலசுந்தரம் ஜாக்கி பிடிக்கக் கீழே போனார். கனகேஸ்வரி ஸ்நானம் செய்து, திருநீறு பூசி, சுவாமியறைத் தட்டிலிருந்து ஷீட்டை எடுத்துப் பக்தியோடு சோறு கட்டத் தொடங்கினார்.

ஓட்டோவில் பார்சல் கூடை, பாலசுந்தரம், அவருக்குப் பக்கத்தில் சண்முகலிங்கம். வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டிக் கோயில் பூசை காணும்வரை அவர் பச்சைத் தண்ணீரும் பல்லில் படவிடமாட்டார். போகிற வழியில் ஓட்டோ போனால் ஏறிக்கொள்வார். ஏறியதற்காக வாய் திறந்து பேசமாட்டார்.

வாய்க்கால் பாலத்தடியில் மறித்தார்கள்.

அடையாள அட்டை பார்த்தார்கள், பொலிஸ் பதிவு பார்த்தார்கள். எல்லாம் சரி. ஓர் இளம் சிப்பாய் கூடையைக் கிண்டி ஒரு பார்சலின் பேப்பரை நீக்கினான். உள்ளே பொலித்தீனுமில்லாத, இலையுமில்லாத, தேன் நிறத்தில் ஒரு சாமான்.

"மே மொகத?" இதென்ன என்று கேட்டான்.

இந்த இடத்தில் "சோறு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போய்க்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் கேட்டது பாலசுந்தரத்திடம். தன் கண்டுபிடிப்பைப் பற்றி ஒருவன், அதுவும் அரசாங்கத்து ஆள், தானாக வந்து கேட்கிறான்! பெயின்ற் கொம்பனியில் பழகிய சிங்களத்தை முழுவதுமாக அவிழ்த்துவிட்டார். நானே செய்தது. வீட்டில் வைத்து. கோஸ்டிக் சோடா போட்டேன். அசிட் விட்டேன். கிளிசரின் கலந்தேன்.

வெடிமருந்துக்கும் போகிற கிளிசரின் என்றதும் சிப்பாய் ஓரடி பின்னுக்குப் போனான். துவக்கு ஓரடி முன்னுக்கு வந்தது.

"அல்லாஹ்! பாலா அண்ணன், வாயப் பொத்துங்க!" என்றான் நிலாம், உதடு அசையாமல்.

மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து மீசைக்கார சார்ஜன் ஒருவன் எழும்பி வந்தான். வீட்டில் கிளிசரினும் அசிட்டும் காய்ச்சுகிற தமிழன். காலி வீதி முழுவதும் ஹோன் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வாய்க்கால் ஓட்டத்தை நிறுத்தியது. கடலே ஓர் அலையைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்ததாகப் பாலசுந்தரம் பின்னாளில் சொன்னார். அவருடைய நெஞ்சு அடித்த அடிக்கு அதைத்தான் நம்பவேண்டியிருந்தது. நாலாம் மாடி விசாரணை, பூசா தடுப்பு முகாம், தேடி அலையப்போகிற கனகேஸ்வரி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின.

அவரையும் நிலாமையும் மண்மூட்டைப் பக்கம் கூட்டிப் போனார்கள். சண்முகலிங்கம் ஓட்டோவிலேயே இருந்தார். இளம் சிப்பாய் அவருக்குக் காவல்.

"மாத்தயா, இது சாப்பிடலாம்!" பாலசுந்தரம் கையெடுத்துக் கும்பிட்டார். "நஞ்சில்லை. மருந்தில்லை. சோறு கட்டுற தாள். முழுக்கத் தின்னலாம்!"

சார்ஜன் அவரை மேலும் கீழும் பார்த்தான். தின்னலாமென்றால் தின்று காட்டு என்றான்.

பாலசுந்தரம் தின்றார். வல்லாரையும் பயித்தங்காயும் பருப்பும் உள்ளிருந்து வழிய, ஷீட்டையும் சேர்த்துக் கடித்தார். சூட்டிலும் குழம்பிலும் ஊறி அது பதமாக இருந்தது. வினாகிரிப் புளிப்பு. அதற்குப் பின்னால் என்னவோ ஒரு உப்பு, ஒரு பொரிந்த ருசி…

"ஓட்டோவிலிருக்கிற கிழவனும் தின்னட்டும்" என்று சார்ஜன் சத்தம் போட்டான். பாலசுந்தரத்துக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. முகத்துக்கு நேரே சார்ஜனின் துவக்கு. முதுகுக்குப் பின்னால் பார்சல் பிரிக்கிற சரசரப்புக் கேட்டது. பிறகு மெல்லுகிற சத்தம். மணத்துக்கு எடுபட்டு இளம் சிப்பாயும் ஒரு துண்டு பிய்த்திருக்கவேண்டும், ஏனென்றால் அவன் குரல் ஆச்சரியத்தில் கீச்சிட்டது.

"இஸ்ஸோ வடே வகே!"

இறால் வடை மாதிரி! காலிமுகத்திடலில் விற்கிற அதே இறால் வடை மாதிரி!

பாலசுந்தரத்துக்கு விளங்கியது. கடற்பாசியில் ஏது இறால் ருசி? கொடியில் ஆடிக்கொண்டிருக்கும் வெள்ளி ஷீட் கண்ணுக்குள் வந்தது. துவக்குக்கு வியர்க்காதவருக்கு இப்போது வியர்த்தது. தன் பின்னால், விரத வயிற்றோடு, திருநீற்றுப் பூச்சோடு, பிறந்த நாள்தொட்டு மச்சம் தொட்டறியாத ஒரு மனிதர்…

"தவ எகக்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சார்ஜனின் மீசை துடித்தது. அவனும் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டான். மென்றான். பிறகு மண்மூட்டைகள் குலுங்கச் சிரித்தான். மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஆமிக்காரர் ஒவ்வொருவராக முளைத்து வந்தார்கள். கூடை போனது, வெறுங்கூடை வந்தது. "அங்கிள், வீட்டில் கிளிசரின் என்று இனி ஒருத்தனிடமும் சொல்லாதே" என்று மட்டும் சார்ஜன் சொல்லி அனுப்பினான்.

ஓட்டோவில் சண்முகலிங்கம் நிமிர்ந்து, கடல் பக்கம் பார்த்தபடி இருந்தார். சால்வை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை… கோயில்?" என்றார் பாலசுந்தரம் மெதுவாக.

"திருப்பு ஓட்டோவை."

வீட்டு வாசலில் இறங்கியதும் மூவருடைய கண்களும் தானாக மேலே போயின. மொட்டைமாடிக் கொடியில் வெள்ளி ஷீட்டுகள் கொடியேற்றத்துக் கொடிபோலப் படபடத்தன. கனகேஸ்வரி பல்கனியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார், கை வாயில்.

"ஒரு விரதகாரருக்கும் போய்ச் சேரேல்லை கனகம்!" பாலசுந்தரம் கீழேயிருந்து கத்தினார். "எல்லாத்தையும் ஆமி திண்டிட்டுது!"

"இண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லை" என்றார் சண்முகலிங்கம். "நான் ஒண்டும் பாக்கேல்லை. விளங்குதோ?" படியேறிப் போய், குளியலறைக் கதவைச் சாத்தினார். தொட்டித் தண்ணீர் தீரும்வரை அவர் வெளியே வரவில்லை.

அன்றுதொட்டு "அண்டப்புளுகு" தொடங்கிற்று.

புளுகோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பாலத்தடியில் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்த சனம் வேறு கதை கொண்டுபோனது. பாலசுந்தரத்தின் பார்சலை ஆமி பறித்துவிட்டதாம். ஷீட்டில் நஞ்சாம். கிளிசரினாம், வெடிக்குமாம். லொட்ஜ்காரர் நிறுத்தினார்கள். ரியூஷன் கொட்டில்கள் நிறுத்தின. ஐறீனின் கந்தோரும் நிறுத்தியது. நிலாம் சத்தியம் செய்து பார்த்தான். "நீ பார்சல் ஏத்துறவன், வேற என்ன சொல்லுவாய்?" என்றார்கள். பாலசுந்தரம் சொல்லச் சொல்ல, ஆமிக்காரன் கப்டனாக ஆக, உள்ள நம்பிக்கையும் போயிற்று.

கனகேஸ்வரி பெரிய சோற்றுக் கிடாரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "இஞ்சேருங்கோ" என்றார் ஒருநாள், "சண்முகலிங்கத்தார் ஒரு சொல்லுச் சொன்னால் சனம் நம்பும். அவர் பொய் சொன்னதா ஒருத்தரும் அறியேல்லை."

"அவர் அந்த ஒரு சொல்லைச் சொன்னால், தான் இறால் திண்டதையும் சேர்த்தெல்லே சொல்லவேணும். அதுவும் வெள்ளிக்கிழமை."

"அதுவும் பூசைக்கு முந்தி" என்றார் கனகேஸ்வரி.

மாரி மழை ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. ஐப்பசி மழை இதற்குத் தங்கச்சி. பக்கத்து ஒழுங்கையில் கதிரைகள் நீந்தின. ஒரு கோழி அலுமாரிக்கு மேலே ஏறி நின்று கொக்கரித்தது. இங்கே கான் நுரைத்துக்கொண்டு, ரயில் பாதைக்குக் கீழாலே பாய்ந்து, நேரே கடலில் விழுந்தது. கான் வாயில் மூட்டையில்லை. தின்றுவிட்டு எறிந்த ஷீட்டெல்லாம் போன இடம் தெரியவில்லை. பலீலா நிலத்தில் கையை வைத்துப் பார்த்தாள், காய்ந்திருந்தது. சந்தோஷம் தாங்காமல் தையல் மெஷினைச் சும்மா ஒருதரம் மிதித்து ஓட்டினாள்.

மழை தூறலாகியபோது குடையோடு ஒழுங்கைக்குள் இறங்கி வந்தாள் ஐறீன். கனகேஸ்வரி, பாலசுந்தரம், நிலாம், பலீலா எல்லாரும் கானைச் சுற்றி நின்றார்கள். சண்முகலிங்கமும் படியில் வந்து நின்றார், வேட்டி தரைவரை விட்டபடி. அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"அன்ரி, ஒஃபிஸ்ல எல்லாரும் உங்க சோறு கேக்குறாங்க" என்றாள் ஐறீன். "கடைச் சோறு சாப்பிட்டு முகமெல்லாம் காஞ்சு போச்சு. ஆனா அந்த ஷீட்டுக்குப் பயம். ஆமி பறிச்சதுன்னு ஒரு கதை."

"பறிக்கேல்லை பிள்ளை, திண்டவங்கள்!" பாலசுந்தரம் குதித்தார். "ஒரு கப்டன், ஜீப்பில வந்தவன், துவக்கோட நிண்டு திண்டு போட்டு, தவ எகக்…"

ஐறீன் சிரித்தாள். "அங்கிள், கதை சூப்பர். ஆனா இத நான் ஒஃபிஸ்ல போய்ச் சொன்னா என்னையும் வேலைய விட்டு அனுப்பிருவாங்க. வேற யாராவது பாத்தவங்க இருந்தா சொல்லுங்க. பொறுப்பான ஆள் யாராவது."

ஒருவரும் படியைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லாரும் பட்ட பாட்டிலேயே ஐறீனுக்கு விளங்கிவிட்டது. திரும்பினாள்.

"அங்கிள், நீங்களும் அந்த ஓட்டோவில இருந்தீங்களா?"

சண்முகலிங்கம் கானைப் பார்த்தார். தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பலீலாவின் காய்ந்த வாசற்படியைப் பார்த்தார். நடுத்தட்டுக் குசினி யன்னலில் கவிழ்த்து வைத்த கிடாரத்தை அண்ணாந்து பார்த்தார். நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார், மன்னிப்புக் கேட்பதுபோல.

"பாலசுந்தரம் சொல்லுறது பிழை" என்றார்.

கனகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டார்.

"கப்டன் இல்லை. இப்பதான் மீசை முளைச்ச பெடியன் ஒருத்தன். ஜீப்பும் இல்லை. கணக்கெண்டால் சரியாச் சொல்லவேணும்."

"அவன் தின்னானா அங்கிள்?"

"திண்டவன். சார்ஜனும் திண்டவன். கூடை முழுக்கத் திண்டவங்கள். ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நானும் திண்டனான். எனக்கும் ஒண்டும் செய்யேல்லை."

பாலசுந்தரம் நிலாமின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"அப்ப தவ எகக் கேட்டது உண்மைதானா?" ஐறீனுக்கு ஆவல் பொறுக்கவில்லை.

"கேட்டது உண்மை" என்றார் சண்முகலிங்கம். படியால் ஒரு படி இறங்கி வந்தார். "ஆனால் பாலசுந்தரம் அண்டைக்குத் திரும்பிப் பாக்கேல்லை, பிள்ளை. அந்தப் பெடியன் இஸ்ஸோ வடே மாதிரி எண்டு மட்டுந்தான் சொன்னவன். அதுக்குப் பிறகு, அது என்னெண்டு வடிவாத் தெரிஞ்சுகொண்டு, தவ எகக் எண்டு கேட்டது நான்."